ஊசி தொடாத அனார்குல் எஜே

கிர்கிஸ்தானின் நரின் நகரத்தில் அனார்குல் எஜேயை, அதாவது அனார்குல் அக்காவை, தெரியாத பெண் கிடையாது. மாஸ்கோவில் கூட்டிப் பெருக்கி வயிறு கழுவும் கிர்கிஸ் பெண்களுக்கும், ஜெர்மனிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்களுக்கும்கூட அவளைத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அவள் எழுதிவரும் வலைப்பூவைப் படித்துத்தான் அவர்களில் பாதிப் பேர் குராக் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். துண்டுத் துணிகளை முக்கோண முக்கோணமாக வெட்டி, முனையோடு முனை சேர்த்து, பார்க்கிறவர் கண்ணைக் கட்டும்படி ஒரே விரிப்பாக்கும் கலை அது. "உங்கள் கை நோவு காணாதிருக்கட்டும், எஜே" என்று தினமும் நாற்பது பேராவது பின்னூட்டத்தில் வாழ்த்துவார்கள்.

அந்தக் கை நோவு கண்டதே இல்லை. காரணம், அது ஊசியைத் தொட்டதே இல்லை.

அனார்குலுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு நூலக வேலைக்குப் போகிற ஜாதி. இந்த உண்மை உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் கட்டிய கணவர் பெய்ஷென், இன்னொருத்தி பெற்ற மகள் செசிம்.

தைத்ததெல்லாம் பெய்ஷென்தான்.

நம்புவது கஷ்டம். பெய்ஷென் விளையாட்டுப் பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளர். கழுத்தும் தலையும் ஒரே அகலம். ஊரில் அவருக்குக் கரடி என்றுதான் பெயர். ஒரு குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, ஐந்து மாதம் படுத்த படுக்கையானார். வீட்டுப் பெட்டியில் ஒரு பை நிறையத் துணித்துண்டுகள் இருந்தன. பேரன் பேத்தி எடுத்து, கல்யாணச் சாவாகப் போன பெரியவர்கள் வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் துண்டுகள். இறந்தவரின் ஆயுள் நம் வீட்டுக்கும் வரட்டும் என்று பெண்கள் அதைக் கொண்டுவந்து குராக்கில் சேர்ப்பார்கள். அனார்குல் கொண்டுவந்து பையில் சேர்ப்பாள். அதோடு சரி.

ஒரு மாலை அவள் நூலகத்திலிருந்து திரும்பியபோது, படுக்கையில் இருந்த மனிதர் எதையோ சட்டென்று தலையணைக்கடியில் ஒளித்தார். வோட்கா போத்தல் என்று நினைத்து அவள் பாய்ந்து இழுத்தாள். கையில் வந்தது எட்டு முக்கோணங்கள். எட்டு முனையும் நடுவில் ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தன. ஒரு முடி அளவுகூட விலகவில்லை.

"இது யாரு பண்ணது?"

"சும்மா... கை குறுகுறுன்னு இருந்துச்சு."

"நீங்களா?"

"மெதுவாப் பேசுடி. வெளிய தெரிஞ்சா நான் ஆத்துல குதிச்சிடுவேன்."

"குதிச்சா ஆறுதான் தாங்காது."

சிரித்தாள். பிறகு அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் வாய்திறந்து ஒரு வார்த்தை புலம்பாத மனிதர் அழுததெல்லாம் அந்தத் தையலில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட எண்ணம் வந்தால் எழுதாமல் இருக்க அவளால் முடியாது. அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த செசிம் வலைப்பூ திறந்துகொடுத்தாள். படத்தைப் போட்டு அனார்குல் முதல் வாக்கியத்தை எழுதினாள்: 'சன்னலோரம் உட்கார்ந்து இன்று நான் தைத்தது.'

'நான்' என்ற அந்த ஒரு சொல்தான் பொய். ஒன்றுக்கு வேலி போட ஒன்பது வேண்டியிருந்தது. விரல் குத்திக்கொண்டதை எழுதினாள், கண் மங்குவதை எழுதினாள். கதை என்று இருந்தால் வில்லன் வேண்டுமே? வெட்டிவைத்த துண்டுகளை மிதித்துக்கொண்டு நடக்கும் கணவன், ஊசிமேல் உட்கார்ந்து வீடு அதிரக் கத்தும் கணவன், குராக்கில் கொழுப்புக் கையைத் துடைக்கும் கணவன் என்று ஒருவனை உண்டாக்கினாள். வாசகிகள் கொதித்தார்கள். 'எஜே, அந்தக் கரடியை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்' என்று ஒருத்தி டிக்கெட் போட்டே அனுப்புவதாக எழுதினாள்.

பெய்ஷென் எல்லாவற்றையும் படிப்பார். "என்னமா அழுகிறாளுங்க! இந்த வாரம் என்னை இன்னும் கொஞ்சம் மோசமாக்கு கிழவி, நல்லா வருது" என்பார். 'எந்த எண் ஊசி?' என்று யாராவது கேட்டால் அடுத்த அறையிலிருந்து பதில் சொல்வார். அவள் தட்டச்சு செய்வாள். கைவினைச் சந்தைகளுக்கு அழைத்தால் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு போவாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஆட்காட்டி விரலில் சுற்றிய துணியைச் சேர்த்தால் ஒரு குராக்கே தைத்திருக்கலாம்.

இப்படியே கண்மூடும்வரை போயிருக்கும். செசிமுக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா துர்துகான், பெண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய வந்த அன்றே அனார்குலின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவர் அசனாலி, எல்லைக் காவலில் இருந்து ஓய்வுபெற்றவர், "தேநீர் நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, எனக்கு சீரும் வேணாம் சிறப்பும் வேணாம்" என்றாள் துர்துகான். "நான்கூட நாலு வருஷமா உங்களப் பாத்துத் தச்சுக்கிட்டிருக்கேன். எங்க தெருவுல கேட்டுப் பாருங்க என் குராக்க. ஒரே ஒரு ஆசை. கல்யாண மெத்தைக்கு முதல் தையல், எங்க வீட்டுப் பொம்பளைங்க முன்னால நீங்க உங்க கையால போடணும். நிறைவா வாழ்ந்த கை போடணும்னு சாஸ்திரம். உங்க கைய விட எந்தக் கை?"

"ஊர் பூரா சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வந்தவர்கள் போனதும் அனார்குல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாழப்போகிற மகளை 'பொய்க்காரி பெத்த பொண்ணு' என்று ஆயுள் முழுக்க ஒரு குடும்பமே குத்திக்காட்டும். பன்னிரண்டு வருடம் பெயர் வாங்கிக் கொடுத்த விரல் இப்போது மகளின் வாழ்வைக் கெடுக்கப் போகிறது.

"ஒரு தையல்தானேம்மா" என்றாள் செசிம்.

"ரெண்டு வாரம் இருக்கு" என்றார் பெய்ஷென். "ரெண்டு வாரத்துல கன்னுக்குட்டியக்கூட மல்லுக்கு இறக்கியிருக்கேன்."

பயிற்சி ஆரம்பமானது. "தோளத் தளர்த்து! மூச்ச விடு! பலம் இடுப்புலேர்ந்து வரணும்!"

"ஊசி பிடிக்க இடுப்பு எதுக்குய்யா!"

"மெத்தைக்குள்ள நாலு விரக்கடை கம்பளி இருக்கு. விரலால தள்ளுனா போகாது. எதிராளியத் தள்ற மாதிரி தள்ளு."

இரண்டு வாரத்தில் மூன்று ஊசிகள் உடைந்தன, மூன்று வேளைச் சமையல் கருகியது, தாம்பத்திய அமைதி ஏழு முறை குலைந்தது. தையல் மட்டும் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் சிவப்பு மெத்தை, அதோடு சேர்த்துத் தைக்க, பெய்ஷென் மகளுக்காக முன்பே ஆறு மாதம் உட்கார்ந்து தைத்துவைத்த குராக் உறை. ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தாள். துர்துகான் ஊசியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள்.

அனார்குல் தோளைத் தளர்த்தினாள். மூச்சை விட்டாள். இடுப்பிலிருந்து தள்ளினாள். ஊசி வழுக்கி, கம்பளிக்குள் போகவேண்டியது கட்டைவிரலுக்குள் போனது. ஒரு சொட்டு ரத்தம் வெள்ளை முக்கோணத்தில் விழுந்தது.

"அய்யோ, மெத்தைல ரத்தம்!" என்று யாரோ வாயைப் பொத்தினார்கள்.

அந்த நேரம் பெய்ஷென் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சமோவாரை வைத்தார். ஆற்றில் குதிப்பதற்குச் சமமான காரியத்தைச் செய்தார். உள்ளே வந்து, பெண்களுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்து ஊசியை வாங்கினார். ரத்தம் பட்ட இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார். பிறகு தைத்தார். ஒன்று, இரண்டு, பத்து. அந்தப் பெரிய கையில் ஊசி மீன் மாதிரி முங்கி முங்கி எழுந்தது. நூல் நேராக, இறுக்கமாக, அளவெடுத்து வைத்ததுபோல் ஓடியது.

அனார்குலின் கண்ணில் நீர் முட்டியது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற நிம்மதியே அவளை எழுந்து நிற்க வைத்தது.

"எல்லாரும் கேளுங்க. பன்னிரண்டு வருஷமா தச்சதெல்லாம் இவர்தான். எனக்கு ஒரு தையல் வராது. நான் எழுதினவ மட்டும்தான். பேரு இவருக்குப் போயிருக்கணும்."

முதலில் சிரித்தவள் துர்துகான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"கேட்டீங்களாடி! புருஷன விட்டுக்குடுக்காத பொம்பளைன்னா இவங்கதான்! அந்த மனுஷன் படுத்தின பாட்டையெல்லாம் நாம படிக்கலையா?"

"கரடிக்கே தைக்கக் கத்துக்குடுத்துட்டாங்களே எஜே!" என்றாள் இன்னொருத்தி.

"விரல்ல அடிபட்டாலும் வேலை நிக்கக்கூடாதுன்னு புருஷனப் பழக்கி வச்சிருக்காங்க பாரு. அதான் திறமை."

"நிஜமாத்தான் சொல்றேன்" என்று அனார்குல் கத்தினாள். அவள் கத்தக் கத்த அவளுடைய அடக்கம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு கிழவி அவள் நெற்றியில் முத்தமிட்டாள். பெய்ஷென் வாயில் நூல் முனையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மகள் போன வீட்டில் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பெய்ஷென்தான் ஊசியைத் தொடவில்லை. ஒரு வாரமாகத் துணிப்பை மூலையில் கிடந்தது.

"ஒருத்திகூட நம்பல" என்றார் ஒருநாள், கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

"அதுதானே உங்களுக்கு வேணும்?"

"வேணும்தான். தெரிஞ்சிடுமோன்னு பன்னிரண்டு வருஷம் பயந்தேன். சொன்னாலும் தெரியாதுன்னு நினைச்சுக்கூடப் பாக்கல."

அனார்குல் அன்று பகல் முழுக்கத் தன் பழைய பதிவுகளைப் படித்தாள். எழுநூற்றுக்கு மேல் இருந்தன. அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள் என்று அவளுக்கே ஆச்சரியம். ஒரு வரிகூடத் தட்டுத் தடுமாறவில்லை. உண்மையைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் குழறியிருக்கிறது. சரி, வாயால் முடியாததை எழுத்தால் செய்வோம் என்று உட்கார்ந்தாள். முதுகு உடைந்ததிலிருந்து சமோவார் வரை ஒன்றுவிடாமல் எழுதினாள். வில்லன் கணவன் தன் கற்பனை என்று எழுதி மன்னிப்புக் கேட்டாள். பெய்ஷென் ஊசி பிடித்திருக்கும் படத்தையும் போட்டாள்.

மறுநாள் அறுநூறு பின்னூட்டம். 'எஜே, கண்ணீர் நிற்கவில்லை. இதுவரை எழுதிய கதைகளில் இதுதான் உச்சம்.' 'அந்தக் கரடியை ஊசியோடு நடிக்க வைக்க எவ்வளவு பாடுபட்டீர்களோ!' 'என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.' ஓஷ் நகரத்துப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: 'அடுத்த பாகத்தில் சமைக்கவும் செய்வாரா?'

அனார்குல் கணினியை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டும் சத்தம். சம்பந்தி அசனாலி தனியாக நின்றுகொண்டிருந்தார். கோட்டு வயிற்றுப்பக்கம் புடைத்திருந்தது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"கதவச் சாத்துங்க."

செசிமுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அனார்குல் நினைத்தாள். அசனாலி கோட்டுக்குள் கைவிட்டு மடித்த துணி ஒன்றை எடுத்துப் பெய்ஷென் முன்னால் விரித்தார். பாதி தைத்த குராக். நீலமும் மஞ்சளும்.

"எட்டு முனை சேர்ற இடத்துல எனக்கு மேடு தட்டுது" என்றார். "நாலு வருஷமா தட்டுது. எல்லைச் சாவடில பொழுது போகாம ஆரம்பிச்சேன். சம்பந்தியம்மா எழுதினதப் பாத்துத்தான் பழகினேன்."

பெய்ஷென் துணியைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார். "அப்போ துர்துகான் தச்சேன்னு காட்டுறதெல்லாம்?"

"என்னோடதுதான். அன்னைக்கு இவங்க எழுந்து நின்னு உண்மையச் சொன்னதும் அவளுக்குக் குலையே நடுங்கிடுச்சாம். நம்ம வீட்டுக் கதையும் கிளம்பிடுமோன்னு முந்திக்கிட்டுச் சிரிச்சுட்டா. வீட்டுக்கு வந்து முக்காடு போட்டுக்கிட்டு அழுதா." அவர் தொண்டையைச் செருமினார். "அதான் எனக்குத் தெரிஞ்சுது, சம்பந்தியம்மா சொன்னது நிஜம்னு. அந்த மெத்தை உறை... நீங்கதானே?"

"நான்தான்" என்றார் பெய்ஷென். வெளியாள் ஒருவரிடம் அவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க தையல் ஓரம் சீரா இல்ல. அதான் மேடு தட்டுது. பிரிங்க இத."

"பிரிக்கணுமா? மூணு வாரம் ஆச்சு சம்பந்தி!"

"பிரிங்கன்னா பிரிங்க. தோளத் தளர்த்துங்க."

அனார்குல் தேநீர் வைக்க எழுந்தாள். அசனாலி கலவரமாகத் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, தயவுசெஞ்சு இத மட்டும் எழுதிடாதீங்க."

"எழுதினா நம்பிடப் போறாங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.