குப்பி காட்டிய பஞ்சுத் துணுக்கு

அப்பாவை அத்தா என்றும், அவருடைய ஒரே தங்கையைக் குப்பி என்றும் நாங்கள் கூப்பிடுவோம். கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு வந்தவர், எங்கள் சாத்தூர் வீட்டின் மூலை அறையில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடி வட்டத்தை இன்னொன்றின் மேல் வைத்து மாதக்கணக்கில் தேய்த்தார். பிறகு போர்வெல் போடும் கடையிலிருந்து அகலமான குழாய் ஒன்று வந்தது. எல்லாம் சேர்ந்து தொலைநோக்கியாகி மொட்டைமாடியில் நின்றது. தெருவில் அதற்குப் பீரங்கி என்று பெயர். எனக்கு எட்டு வயது. குப்பியால் முடியாத காரியம் ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை.

அம்மாவின் கவலை வேறு. "பொண்ணு எந்நேரமும் மாடியிலயே நிக்குமாமே" என்று ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதனால், சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் பெண் பார்க்க வந்த அந்தச் சித்திரை மாதச் சாயங்காலம், பீரங்கிக்குப் போர்வை போர்த்திவிட்டார்கள்.

"மாடியைப் பத்தி வாயத் தொறந்த, பாத்துக்க" என்றார் அத்தா என்னிடம்.

நான் திறக்கவில்லை. மஃரிபு தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் மாப்பிள்ளையின் அம்மா, "மாடிக்குப் போவோமா? அங்கன காத்து வரும்ல" என்று படியேறிவிட்டார். பின்னாலேயே ஓடினோம்.

"இதென்ன, போர்வைக்குள்ள?"

"தண்ணி மோட்டாரு" என்றார் அம்மா.

குப்பி போர்வையை உருவினார். "வானத்தைப் பாக்குறதுக்கு, மாமி. நானே செஞ்சேன்."

அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. ஊரே இருட்டாக இருந்தது. குப்பி குழாயைக் கன்னி ராசிப் பக்கம் திருப்பி, நிதானமாகத் தேடிப் பிடித்து, அந்த அம்மாவைக் குனியச் சொன்னார்.

"ஒண்ணுந் தெரியலையே... ஏதோ பஞ்சுத் துணுக்கு மாதிரி இருக்கு. கலருகூட இல்லை."

பட்டாசு வீட்டுக்காரர் வேறெப்படிச் சொல்வார்?

"அதேதான் மாமி. நாம பாக்குற நட்சத்திரமெல்லாம் ஒரு கூட்டம்னா, அந்தப் பஞ்சு இன்னொரு கூட்டம். நம்மளதைவிட ரொம்பப் பெருசு. அந்தப் பக்கம் இந்த மாதிரிக் கூட்டமே ஆயிரத்துக்கு மேல கொத்தாக் கெடக்கு. நடுவுல பளிச்சுன்னு இருக்கறது இது. நீங்க பாக்குற வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி அஞ்சு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு."

கீழேயிருந்து மகன் கூப்பிட்டும் அந்த அம்மா நிமிரவே இல்லை. பஞ்சு பார்வையைவிட்டு நகரும்போதெல்லாம் குப்பி குழாயை மெல்லத் தள்ளிக் கொடுத்தார். கரண்ட் வந்து தெருவிளக்குகள் எரிந்த பிறகுதான் நிமிர்ந்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கணக்குல நாந்தான் மொத மார்க்கு. பத்தாவதோட நிறுத்திட்டாக" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் தரகர் வந்து சொன்னார்: "பொண்ணு தங்கமாம். ஆனா அவுக வீட்டு மாடி அந்தப் பிள்ளைக்குப் பத்தாதாம். மேல படிக்க வைக்கச் சொன்னாக."

அம்மா அழுதார். அத்தா குப்பியோடு இரண்டு நாள் பேசவில்லை. குப்பி மட்டும் தரகரை அந்தச் செய்தியை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அந்த வருடமே அத்தா மனம் மாறி, பெங்களூருக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு ரயிலேற்றிவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசியில் அந்த வீட்டுக்கே போக நேர்ந்தது. முதல் வேலையாக மாடிக்கு ஓடிப் பார்த்தேன். எங்கள் மாடியைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அவ்வளவு பெரிய மனுஷி இப்படிப் புளுகலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் ஊட்டிவிட வந்த அல்வாவுக்குக்கூட நான் வாயைத் திறக்கவில்லை.