பதக்கத்தில் இருந்த ராஸ்க்

பக்கத்துத் தெரு வீட்டில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கிய சுவீடன் ராணுவப் பதக்கத்தின் விளிம்பில் ‘ராஸ்க்’ என்று பொறித்திருந்தது. ஒற்றை ஆளாக முந்நூறு பேரை வெட்டிச் சாய்த்த தளபதி அவர் என்று நாங்கள் இருக்கும் பிளானோ ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான்.

விசாரித்து எழுதியிருந்தேன்; இன்று காலை சுவீடன் ராணுவ மியூசியத்திலிருந்து ஈமெயில் வந்தது. ராஸ்க் என்பது ஆளின் பெயரே இல்லை, படையில் ஒரு சிப்பாய் வேலைக்கு வைத்த பெயராம். அந்த இடத்துக்கு எந்தச் சிப்பாய் வந்தாலும் அதே பெயர்தானாம். பதக்கம் வாங்கியது எந்த ராஸ்க் என்று சொல்ல முடியாதாம்.

மதியம் ஆபீஸில் எனக்கு லே ஆஃப்.

எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவன் சாம். மேனேஜர் கடைசிவரை என்னையும் சாம் என்றே கூப்பிட்டார். கிளம்பும்போது ஒரு ஷீல்டு கொடுத்தார். அதிலும் சாம்.

“உங்க பேரு வைத்தியநாதன்னு சொல்லலையா?” என்றாள் மனைவி.

“இனிமே சொல்லி என்ன ஆகப்போறது?”

ஷீல்டைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

பின்னாளில் யாராவது தேடி வந்தால், அந்த சாம் நான்தான் என்று உங்களில் ஒருவர் சொல்லிவிடுங்கள். அந்த முந்நூறு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம்.