ஊர்க்காரப் பொண்ணு

சிங்கப்பூரில் பிடோக் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் எதிர் பிளாக்கில் துணி காயும் கம்பங்கள் தெரியும். அந்த அறை கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவே முடியாது.

முதுகலை படிக்கப் பட்டுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் போனேன். விடுதியில் இடமில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே மின்னஞ்சல் வந்துவிட்டது. போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். அந்தத் தைரியத்துக்குக் காரணம் எங்கள் பின்தெருவில் வீடு இருக்கும் ஓர் அண்ணன். கப்பல் பட்டறையில் பதினான்கு வருடமாக வெல்டிங் வேலை. நான் வந்து இறங்கிய அன்று லீவு போட்டுவிட்டு விமான நிலையத்துக்கு வந்து நின்றார். என் இரண்டு பெட்டிகளையும் அவரே தூக்கினார், சிம் கார்டு வாங்கித் தந்தார், எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அட்டையை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினார். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு பேர் படுக்கும் அறையில் எனக்கு ஒரு மேல்கட்டில் பிடித்து வைத்திருந்தார். கீழே சாப்பாட்டுக் கடையில் என்னை உட்கார வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே டீயோடு இருந்தார். நாளைக்கு மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போகிறேன், வரும்போது அம்மாவிடம் என்ன வாங்கி வர வேண்டும் பாப்பா என்று கேட்டார். பருப்புப் பொடி என்றேன்.

அந்த மேல்கட்டிலில் பத்து நாள்தான் இருக்க முடியும். அதற்குள் அறை தேட வேண்டும். ஏஜென்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பேர் சொன்னதும் எந்த நாடு என்று கேட்பார்கள். இந்தியா என்றதும் ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். ஓனர் யாரும் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு பெண் மட்டும் மனசாட்சிக்குப் பயந்தவள் போலிருக்கிறது, உங்கள் சமையல் வாசனை சுவரில் ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள் என்று உண்மையைச் சொன்னாள். அதுவரை நான் உருப்படியாக ஒரு ரசம்கூட வைத்ததில்லை.

எட்டாம் நாள், சோப்பு வாங்கப் போன மளிகைக் கடையில் வழி பிறந்தது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். மூன்று தலைமுறையாக அதே கடை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் 'தமிழ்ப் பெண்ணுக்கு அறை உண்டு' என்று எழுதியிருந்தது. நான் கேட்டதும் அவரே போனை எடுத்து வீட்டுக்கார அம்மாவிடம் பேசினார். "ஊர்க்காரப் பொண்ணுதான், ஆனா நல்ல பிள்ளையாத் தெரியுது."

ஊர்க்காரப் பொண்ணு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சிபாரிசு கிடையாது. சென்னையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊர்க்காரர் என்று தெரிந்துவிட்டால் முறுக்கைப் பிரித்து நீட்டுவார், இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுப்பார். கடல் தாண்டி வந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் என்னை ஊர்க்காரப் பொண்ணு என்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அவர் 'ஆனா' என்றதை நான் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கார அம்மா அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டாள், கணவர் இல்லை. ஆண்ட்டி என்று கூப்பிடச் சொன்னார். "ஒரு மாசம் பாக்குறேன் லா. சரியா வந்தா ரெண்டு வருஷமும் இருந்துக்கோ. வரலைன்னா மனசுல வச்சுக்காத, வேற ரூம் பாத்துக்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது. வாஷிங் மெஷின் சனிக்கிழமை மட்டும். ஊர்க்காரங்க யாரும் மேலே வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போகாதே, ஊர்க்காரங்க கூட்டம் தாங்காது என்றும் சொன்னார். சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வந்து அழுவேன் என்று அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு அசடு நான்.

மூன்றாம் நாள் காலை ஹாலைக் கடக்கும்போது "பசியாறிட்டியா?" என்று கேட்டார். இல்லை ஆண்ட்டி என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு தனக்கு ஊற்றியிருந்த தோசையில் ஒன்றை எடுத்து எனக்கு வைத்தார். அங்கே அது குட்மார்னிங் சொல்வது மாதிரி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தோசையை ஒரு கை பார்த்துக்கொண்டே, உரிமையோடு நான் கேட்டேன்:

"நீங்க எந்த ஊரு ஆண்ட்டி?"

"சிங்கப்பூர்."

"அது சரி ஆண்ட்டி, சொந்த ஊரு?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை, கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். நான் பொறந்தது இங்க, என் பொண்ணு பொறந்தது இங்க. இதான் சொந்த ஊர். டாக்ஸில ஏறினா எப்போ இந்தியாலேருந்து வந்தேன்னு கேக்குறான். கிளினிக்ல கேக்குறாங்க. நீங்கள்லாம் நெறைய வந்தப்புறம் இன்னும் ஜாஸ்தியா கேக்குறாங்க. என் வீட்டுக்குள்ள உக்காந்து நீயும் கேக்குற."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்றார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஊர்க்காரங்க என்றால் இங்கே நம்மவர்கள் என்று பொருளில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று பொருள். வெளியாள். மளிகைக் கடைக்காரர் என்னை ஏற்றுக்கொண்டதாக நினைத்து நான் கண் கலங்கினேன் அல்லவா, அவர் என் குறையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு அதற்குச் சமாதானமாகத்தான் நல்ல பிள்ளை என்றிருக்கிறார். வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் ரயிலில் அந்த 'ஆனா'வையே நினைத்துக்கொண்டு போனேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தத் தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டேனே என்று ஆத்திரமாக இருந்தது.

ஆண்ட்டி சொன்னதில் நியாயம் இருந்தது, அது இன்னும் மோசம். பிறந்து வளர்ந்த ஊரிலேயே அறுபது வருடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கப்படுகிறவருக்கு, நிஜமாகவே வந்தவளைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அவர் எரிச்சலைப் புரிந்துகொள்ளும் நிலையில் நான் அன்று இல்லை. இந்த அறை போனால் அடுத்த அறை இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் மாறினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். போனில் அம்மாவோடு பேசும்போது கத்திப் பேசுவதை விட்டு, பிளாக்குக்குக் கீழே இறங்கிப் போய்ப் பேசினேன். "என்னாச்சு" என்பதை "வாட் ஹேப்பண்ட்" ஆக்கினேன். "ஓகே லா" என்று ஆண்ட்டி மாதிரியே இழுத்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், இப்போது நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நூலகத்துக்குப் போகிறேன் என்று ஆண்ட்டி காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவேன்.

மூன்றாவது வாரம் ஆண்ட்டி மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இது அவ்ளோ ஊர்க்காரப் பொண்ணு மாதிரி இல்ல, டீசன்ட்டா இருக்கு" என்றார். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அதற்குள் அண்ணன் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டார். அம்மா பொருள் கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் பாப்பா என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பரீட்சை இருக்கிறது, அடுத்த வாரம் எம்ஆர்டி ஸ்டேஷனிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். பரீட்சை ஒன்றும் இல்லை. பார்சலில் தேங்காய்த் திரட்டுப்பாலும் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் என்றால் கெட்டுப்போய்விடும், நீ படி, நான் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மறுபடி எழுதியிருக்கிறார். அதை நான் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணி இருக்கும். வீட்டுக் கதவு திறந்திருந்தது, வெளியே இரும்பு கேட் பூட்டியிருந்தது. ஆண்ட்டி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"வணக்கம்மா. பாப்பா இருக்குங்களா? நான் ஊர்க்காரன்."

கையில் கோப்பையோடு வாசல் பக்கம் வந்து நின்றேன். தீவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு, பஸ் பிடித்து ரயில் மாறி வந்திருக்கிறார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் மஞ்சள் பை. கம்பிக்கு வெளியே சிரித்துக்கொண்டு நின்றார். நான் ஊர்க்காரன் என்பதை அவர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? அவரிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதை அதுதான். அதை வைத்துத்தான் எந்த வீட்டு வாசலையும் மிதிக்கலாம் என்று நம்பி வந்திருக்கிறார்.

ஆண்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். "யாரு இது? உனக்குத் தெரிஞ்சவரா?"

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

"தெரிஞ்சவர் இல்ல ஆண்ட்டி" என்றேன். "அம்மா பார்சல் போட்டிருந்தாங்க. அதைக் குடுக்க வந்த ஆள்."

ஆள் என்றேன். எங்கள் பக்கத்தில் நாற்று நட வருகிறவர்களை ஆள் என்போம், மூட்டை தூக்க வருகிறவர்களை ஆள் என்போம். வேறு சொல்லா கிடைக்கவில்லை? கிடைத்தது, நான் எடுக்கவில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கும், ஆறடி தூரம்கூட இல்லை. என்னைப் பார்த்தார். நான் கேட் பூட்டைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, அம்மாவின் பேரைச் சொல்லிவிடுவார், பாப்பா என்று மறுபடி கூப்பிட்டுவிடுவார் என்று பயந்தேன்.

"ஆமாங்கம்மா, பார்சல்தான்" என்றார் ஆண்ட்டியிடம். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க மேடம்."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தாளின் மறுபக்கம் அம்மாவின் எழுத்தில் என் முகவரி இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் அனுப்பியிருந்த மெசேஜைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருக்கிறாள். அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பையைக் கம்பி இடுக்கில் சாய்த்து உள்ளே தள்ளினார். தேங்க்ஸ் என்றேன். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

அவர் லிஃப்டுக்குப் போன பிறகு ஆண்ட்டி, "பாவம், சண்டேகூட வேலை வாங்குறாங்க. வேர்த்துக் கொட்டுது. ஒரு தண்ணி குடுத்திருக்கலாம்" என்றார். நான் பையை அறைக்குள் எடுத்துப் போனேன். ஜன்னல் எதிர் பிளாக்கைத்தான் பார்க்கும், பஸ் நிறுத்தம் அதிலிருந்து தெரியாது. ஓடினால் பிடித்திருக்கலாம். பஸ் வரக் குறைந்தது ஐந்து நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து அந்த ஐந்து நிமிடத்தையும் கடக்க விட்டேன்.

ஐந்து நாள் கழித்து ஆண்ட்டி, இருந்துக்கோ என்று சொல்லி இன்னொரு சாவி கொடுத்தார். படிப்பு முடியும் வரை அங்கேதான் இருந்தேன். அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன், அனுப்பவில்லை. அவரும் எதுவும் அனுப்பவில்லை.

அண்ணன் வந்துபோன ஞாயிறு சாயங்காலமே அம்மா கூப்பிட்டாள். வழக்கம்போல் கீழே இறங்கிப் போய் எடுத்தேன். அவள் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் வந்த நாளிலிருந்து கேட்டதில்லை.

"அந்தத் தம்பி போன் பண்ணுச்சு. ஹால்ல உக்கார வச்சு, ஃபேனைப் போட்டுவிட்டு, நீயே டீ போட்டுக் குடுத்தியாமே. வீட்டுக்கார அம்மா தங்கமான மனுசி, பாப்பாவப் பத்திக் கவலையே வேணாங்குது. டீயிலதான் சீனிய அள்ளிப் போட்டுட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

"ஆமாம்மா" என்றேன். "அளவு தெரியல."