ரிஸானா சொல்லி முடிக்கும் வரை

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தைத் திறந்துகொண்டிருந்தபோது நிஸாரின் அழைப்பு வந்தது. "சிவா, ரிஸானா மௌத்தாயிட்டா. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்றார். மனைவியின் மரணத்தைச் சொல்லும்போதும் அவர் குரலில் பதற்றமில்லை. "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்தைப் பூட்டினேன். அவர்கள் ஊரான அக்குறணைக்குப் பஸ் ஏறினேன்.

மனிதரும் கணினியும் பழகும் விதத்தை ஆராய்வதே எங்கள் துறை. நான் நிரல் எழுதுபவன். ரிஸானா அந்த நிரலின் முன்னால் வந்து உட்காரும் மனிதரைப் பார்ப்பவர். பல ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். அவருடன் வாதாடி வென்ற ஒருவரை எங்கள் துறையில் யாராவது அறிவார்களா?

கிளினிக்குக்கு நாள் குறிக்க ஒரு தொலைபேசிச் சேவையை உருவாக்கியிருந்தோம். தமிழில் பேசினால் கணினியே கேட்டுப் பதிந்துகொள்ளும். திகனைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வராணி என்ற பெண் அதைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தார். "வெள்ளிக்கெழம டாக்டரப் பாக்கணுங்க," என்றார். விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்றது குரல். மீண்டும் சொன்னார். அதே பதில். கடைசியில் அந்தக் கருவியிடமே, "மன்னிச்சுக்கங்க, எனக்கு ஒழுங்கா பேச வராதுங்க," என்றார்.

ரிஸானா எழுந்து சென்று தொலைபேசியை வாங்கி வைத்தார். "நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. இதுக்குத்தான் கேக்கத் தெரியல்ல. பிழை எங்கட."

"அப்ப திருத்திட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்," என்று செல்வராணி சிரித்தார்.

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. பெரும்பாலானோர் பேசுவது விளங்குகிறதே என்றார் துறைத்தலைவர். "யாருட பேச்சு வெளங்கல்ல எண்டு பாருங்க சேர். டாக்டர் கூடுதலாத் தேவப்படுற ஆக்கள்ட பேச்சுத்தான்," என்றார் ரிஸானா. விழா தள்ளிப்போனது. தோட்டங்களிலும் அக்குறணைக் கடைகளிலும் வடக்கிலிருந்து வந்த மாணவரிடமும் குரல்களைத் திரட்டிக் கணினியை மறுபடி பயிற்றினோம். விளங்காவிட்டால் உடனே ஓர் ஊழியரிடம் இணைப்பைக் கொடுக்கும்படியும் செய்தார். செல்வராணி மறுபடி வந்து பேசினார். வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதன் பிறகே சேவையைத் திறந்தோம்.

செயற்கை நுண்ணறிவு எங்கள் துறைக்குள் புகுந்தபோது பலர் மிரண்டார்கள், பலர் மயங்கினார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. கேட்கும் முன்பே வேலையை முடித்துவைக்கும் செயலிகளை மாணவர்கள் பெருமையோடு காட்டுவார்கள். "ஊகிக்கட்டும். பிழையா ஊகிச்சா நிப்பாட்டுற பொத்தான் எங்க ஈக்கி?" என்பார்.

பிறகு ஒரு நரம்பு நோய் அவர் குரலைப் பறித்தது, கைகளையும் முடக்கியது. பழைய விரிவுரைப் பதிவுகளிலிருந்து அவருடைய குரலையே கணினியில் செய்து கொடுத்தோம். கண்ணசைவால் எழுத்துகளைத் தேர்ந்தால் அது பேசும். களைப்பைக் குறைக்க, தொடங்கிய வாக்கியத்தை அதுவே முடித்தும் வைக்கும். ஒருநாள் நிஸார், "தேத்தண்ணி தரட்டா?" என்று கேட்டார். "ஆம், மிக்க நன்றி," என்றது ரிஸானாவின் குரல்.

"இவ எனக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்ல, சிவா," என்றார் நிஸார். ரிஸானாவின் தோள்கள் குலுங்கின, சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தெழுத்தாகத் தேர்ந்தார். "முடிச்சு வெக்கிறத நிப்பாட்டுங்க. அது சொல்றது நல்லாத்தான் ஈக்கி. ஆனா நான் சொல்றதில்ல."

"நேரம் எடுக்கும். களைச்சுப்போவியள்," என்றேன்.

"நீங்க காத்திருங்க."

நிறுத்தினேன். பிறகு, கேட்டால் மட்டும் பரிந்துரை தரும் ஒரு வடிவத்தைப் படுக்கையிலிருந்தே அமைத்தார். அதையே அவருடைய கடைசிக் கட்டுரையாகவும் எழுதினார். பேச்சிழந்த வேறு சிலர் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அவரைப் பார்க்கக் கடைசியாகப் போனபோது நான் செய்துகொண்டிருந்த புதிய திரையைக் காட்டினேன். அவர் கண்கள் எழுத்துகளில் நகரத் தொடங்கின. நெடுநேரமாயிற்று. விடைபெறுகிறார் என்று நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் வந்தது.

"எழுத்து மிச்சம் சின்னன், சிவா. வயசான ஆக்களுக்குத் தெரியாது."

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒருவர் வாயைத் திறக்கும்போது, அவர் சொல்லப்போவது எனக்கு முன்பே தெரியும் என்று இப்போது நினைப்பதில்லை.