பூச்சிக் கட்டத்தில் ஒரு கோடு

1. முதல் சீட்டு

நான் எழுதிய முதல் மருந்துச் சீட்டே தப்பு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பிறகு நான் போட்ட சண்டையைப் படிக்கும்போது, இவள் என்னவோ எல்லாம் தெரிந்தவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு நூற்பாலை அவிநாசிப் பக்கத்து விவசாயிகளைப் பருத்தி போடச் சொல்லி, விளைந்ததைத் தானே வாங்கிக்கொள்ளும் திட்டம் வைத்திருந்தது. அதில் எனக்குக் களப்பணி. நான் குடியிருந்த கணபதியிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து அவிநாசி பஸ், அதற்குமேல் சைக்கிள். காடு காடாகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்துப் பூச்சியை எண்ண வேண்டும். எங்கள் பக்கம் பயிர் செய்யும் நிலத்தைத்தான் காடு என்போம்.

முதல் நாள் மேனேஜர் ஒரு கட்டு ஃபாரத்தைக் கையில் கொடுத்தார்.

"பாருங்க அம்மணி, எண்ணுங்க, எழுதுங்க. அளவு தாண்டுனா சீட்டுக் கிழிச்சுக் குடுங்க. ரோசனையெல்லாம் நாங்க பண்ணிக்கறோமுங்க."

ஃபாரத்தில் 'பூச்சி' என்று ஒரே ஒரு கட்டம். தெளிப்பது விஷம், அதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் மருந்து. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் நோய் ஒன்று இருந்துதானே ஆகவேண்டும்? கண்ணில் பட்டதெல்லாம் நோயாகிவிட்டது.

திட்டத்தில் சேர்ந்திருந்த பழனாத்தாக்கா காட்டுக்குப் போனேன். இரண்டு ஏக்கர் பருத்தி. அதை வைத்துத்தான் அவருக்கு அந்த வருடம் ஓட வேண்டும். இலைக்கு அடியில், சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுவினி கொஞ்சம் இருந்தது. கூடவே கறுப்பாக, முதுகில் முள்ளும் ஆரஞ்சுப் பொட்டுமாக ஒரு புழு. பார்க்கவே அருவருப்பு. பயிற்சிப் புத்தகத்தில் அதன் படம் இல்லை.

"ஏனுங்க அம்மணி, இது செடியைத் திங்குதுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியலீங்கக்கா. எப்படியும் பூச்சிதானுங்களே" என்று சொல்லி, அசுவினியையும் புழுவையும் ஒன்றாகக் கூட்டிக் கட்டத்தில் எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அக்கா மறுநாளே மருந்து அடித்துவிட்டார்.

2. ஊறுகாய் பாட்டில்

இரண்டு வாரம் கழித்துப் போனால், அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் படிந்து இலையெல்லாம் பிசுபிசுப்பு. அசுவினி அடை அடையாக அப்பிக் கிடந்தது. கறுப்புப் புழு ஒன்றுகூட இல்லை.

வரப்பில் அக்கா தட்டைப்பயறு போட்டிருந்தார். அதற்கு மருந்து படவில்லை. அதிலும் அசுவினி, அதே கறுப்புப் புழு. நாலைந்து புழுக்களை இலையோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோறு உண்ணக்கூட எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புழு இலையைத் தொடவே இல்லை. அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. நாள் போகப்போக இலையில் ஒட்டிக்கொண்டு கூடானது. ஒரு காலையில் கூட்டைக் கிழித்துக்கொண்டு சிவப்பாகப் பொறிவண்டு வெளியே வந்தது. சின்ன வயதில் உள்ளங்கையில் ஏறவிட்டு விளையாடிய அதே வண்டு!

அவமானமாக இருந்தது. வெயிலை இலை சாறாக்குகிறது, சாற்றை அசுவினி குடிக்கிறது, அசுவினியைப் புழு தின்கிறது. நான் எழுதிய சீட்டு இரண்டையும் கொன்றது. இலை அப்படியே இருந்ததால் தப்பிய நாலு அசுவினி உடனே பெருகிவிட்டது. புழுவுக்குத் தீனி அந்த அசுவினி. அது நிறையப் பெருகிய பிறகுதான் வண்டு தேடி வந்து முட்டை வைக்கும். அதற்குள் நாங்கள் அடுத்த சீட்டோடு போய் நிற்போம்.

அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார்.

"படிச்ச புள்ளைன்னு உங்க பேச்சைக் கேட்டு அடிச்சுப்போட்டேனே அம்மணி. செரி, இப்ப என்ன பண்றதுங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கக்கா. தட்டைப்பயத்துல இருந்து வண்டு வர ஆரம்பிச்சிருச்சு. இன்னொருக்கா அடிக்காம இருந்தாப் போதுமுங்க."

3. ஜீப் வந்த நாள்

அன்று ஃபாரத்தில் 'பூச்சி' கட்டத்தின் நடுவே பேனாவால் ஒரு கோடு போட்டேன். முழங்கால்மேல் வைத்துப் போட்டதால் கோணலாக விழுந்தது. ஒரு பக்கம் 'செடியைத் தின்பது', மறு பக்கம் 'அதைத் தின்பது'. சீட்டு எழுதாமல் ஃபாரத்தை மட்டும் ஆபீசில் கொடுத்தேன்.

மறுநாளே மேனேஜர் ஜீப்பில் காட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் கோபம் தலைக்கேறினாலும் 'ங்க' மட்டும் போகாது.

"ஃபாரத்துல கோடு போட உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது?"

"பூச்சிக்குள்ள அந்தக் கோடு முன்னாலயே இருக்குதுங்க சார். நான் பேனாவுல போட்டேன், அவ்வளவுதானுங்க."

"இலையெல்லாம் ஒட்டுது. காய் வெடிக்கறப்ப இது பஞ்சுல பட்டா, மில்லுல பஞ்சு ரோலர்ல ஒட்டிச் சுத்திக்கும். தெரியுமுங்களா?"

அவர் சொன்னது நியாயமான பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. "காய் வெடிக்க இன்னும் நாள் கெடக்குதுங்க சார். இந்தச் சீட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க" என்றேன்.

அவரே சீட்டு எழுதி அக்காவிடம் நீட்டினார். "அடிக்கலீன்னா உங்க பருத்திய மில்லு எடுக்காதுங்க."

அக்கா சீட்டை வாங்கவில்லை. "சீட்டு உங்குளுதுங்க சார். காடு என்னுதுங்க. நீங்க எடுக்காட்டி ஏலத்துல போட்டுக்கறேன்."

அடுத்த நாலு நாள் அசுவினி குறையவில்லை, ஏறியது. "அடிச்சுரலாமுங்களாக்கா?" என்று நானே கேட்டுவிட்டேன். அக்கா என்னை முறைத்தார். "கோடு போட்டது நீங்கதானுங்களே? நில்லுங்க."

நின்றேன். ஐந்தாம் நாள் ஓர் இலையைத் திருப்பினால் கறுப்புப் புழு மூன்று. வாரம் முடிவதற்குள் இலைக்கு இலை புழு. அடுத்த வாரம் அசுவினியைத் தேட வேண்டியிருந்தது. அடியிலைகள் கருகித்தான் போயின, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பருவம் முடியும் வரை அந்தக் காட்டில் மருந்து படவில்லை. காய் வெடித்தபோது பஞ்சு ஒட்டாமல் வந்தது. எடுக்கமாட்டேன் என்ற மில்லே ஆள் அனுப்பித் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டது.

எனக்குப் பாராட்டு ஒன்றும் வரவில்லை. ஃபாரத்தைத் திருத்தியதற்கு மெமோதான் வந்தது. அந்த ஃபாரத்தைக் கோடு இல்லாமல் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எண்ணுவதற்கு முன்னால், எது எதைத் தின்கிறது என்று பாருங்கள். அதற்கு ஃபாரத்தில் இடம் இல்லையென்றால், தப்பு ஃபாரத்தில்தான்.

மெமோவில் சொன்னபடி புது ஃபாரம் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். கோட்டையும் போட்டேன். இந்த முறை கோணல் இல்லாமல், ஸ்கேல் வைத்து.