வியன்னாவுக்கு எந்த மாதம் போகலாம்?

போன வருடத்துக்கு முந்தின வருடம், பொங்கல் சமயம். ஐரோப்பாவில் இருக்கும் வியன்னா நகரத்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கூலிக்கு லேத் ஓட்ட வந்தவன், இன்று அதே எஸ்டேட்டில் ஏழு லேத் போட்டு சொந்தப் பட்டறை நடத்துகிறேன். திருமுல்லைவாயிலில் மாடி வீடு. ஒரே மகளை இன்ஜினீயர் ஆக்கினேன். கல்யாணமாகி, இப்போது கணவரோடு வியன்னாவில் வேலை பார்க்கிறாள். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, எவர் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் நான்.

மகள் எங்களை அழைத்துக்கொண்டே இருந்தாள்.

“நைனா, அம்மாவுக்கு இளைப்பு கீது. குளிர்ல வேணாம். மே மாசம் இட்டுகினு வா, ஊரே பூவா இருக்கும்.”

“மே மாசம் ஆர்டர் தலைக்கு மேல கீதும்மா. மெஷின் ஓடச்சொல்ல நான் இல்லாம எப்படி?”

உண்மையும் அதுதான். மெஷின் ஓடும்போது ஒரு நாள்கூட நான் பட்டறையை விட்டு நகர்ந்ததில்லை. பொங்கலுக்கு மட்டும் ஆட்கள் எல்லாம் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். லேத்துகளுக்கு கிரீஸ் தடவி, தார்ப்பாய் போட்டு மூடி, பத்து நாள் பூட்டிவிடுவோம். பட்டறை மூடியிருக்கும் நாள்தான் எனக்கு நல்ல சீசன் என்று ஜனவரிக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். என் மனைவி பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். அவள் எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை.

போய் இறங்கிய மறுநாள் நல்ல பனி. தெரு முழுக்க உப்பளம் மாதிரி வெள்ளை. மகள் தன் அம்மாவுக்குக் கண் மட்டும் தெரிகிற மாதிரி மஃப்ளர் சுற்றிக் கூட்டி வந்தாள். நான் செல்போனை எடுத்தேன்.

“மஃப்ளர கொஞ்சம் கீழ இறக்கு. மூஞ்சி தெரியாம போட்டோ எடுத்தா எவன் நம்புவான்?”

“வேணாம் நைனா” என்றாள் மகள். நான் கேட்கவில்லை. எஸ்டேட்டில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமே! மனைவி மஃப்ளரை இறக்கிவிட்டுச் சிரித்தாள். நின்று, உட்கார்ந்து என்று நாலைந்து படம் எடுத்திருப்பேன். அதற்குள் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விசில் அடித்தது, உதடு நீலம் பாரித்தது. மகள் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கொண்டே அழுதாள். நான் செல்போனைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். ஏழு லேத் முதலாளிக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குக் கிளம்பும் வரை வெளியே விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்ச நாளெல்லாம் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். “காசு போட்டு வந்துட்டு ஊட்லயே குந்திகினு இருப்பியா? போய்ப் பாத்துட்டு வா நைனா” என்று மகள்தான் என்னைத் தள்ளிவிட்டாள். அரண்மனை, தேவாலயம் எல்லாம் தனியாகப் பார்த்தேன். திரும்பி வந்ததும் மனைவி, “நல்லா கீதா?” என்று கேட்பாள். நான் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவளே பேச ஆரம்பித்தாள்.

“எதிர்ல அந்த மரத்தப் பாத்தீங்களா? ஒரு எல இல்ல. மே மாசம் மெழுகுவத்தி ஏத்தி வச்ச மாதிரி வெள்ளையா பூக்குமாம். பொண்ணு போட்டோ காட்டிச்சு.”

“அது இன்னா இப்ப பூக்க மாட்டேன்னுது?” என்றேன், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று.

“ஒங்க பட்டறைக்கு லீவு உட்ற நாள் பாத்து பூக்கணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் அந்த மொட்டை மரத்தைப் பார்த்தேன்.

அடுத்த மே மாதம், மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாவியை லேத் ஓட்டும் மூத்த டர்னர் கையில் கொடுத்துவிட்டு, மனைவியோடு மறுபடி வியன்னாவுக்குக் கிளம்பினேன். அங்கே இறங்கியதிலிருந்து வேலை எப்படிப் போகிறது என்று அவருக்கு போன் செய்துகொண்டே இருந்தேன். மூன்றாவது நாள் அவர், “அண்ணாத்தே, சரக்கு டயத்துக்குப் போய்கினுதான் கீது. நீ அண்ணிய இட்டுகினு எங்கனா சுத்து, சும்மா சும்மா போன் போடாத” என்று வைத்துவிட்டார். நான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்திருந்த பட்டறை நிற்கவே இல்லை. கொஞ்சம் வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்த மரம் உண்மையாகவே பூத்திருந்தது. மனைவி மஃப்ளர் இல்லாமல், எங்கேயும் நிற்காமல் தெருக்கோடி வரை நடந்தாள். அவள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நான் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். கேட்கவில்லை.

இப்போது வியன்னாவுக்கு எந்த மாதம் நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், கூட யார் வருகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். வெறுங்கையோடு வந்து எல்லாம் சம்பாதித்தேன் என்று இன்றைக்கும் மார்தட்டுவேன், ஆனால் அவளுடைய எத்தனை மே மாதங்களைப் பட்டறைக்குள் போட்டுப் பூட்டினேன் என்று நினைக்கும்போது மட்டும் கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது.