கொறிச்ச எழுத்து

பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இளஞ்சூடாக, லேசாகக் கருகிய வாசனையோடு இருக்கும். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வாசலில் நின்றால் ராஜகிரி மலைக்கோட்டை தெரியும்படி என் நைனா வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில், பத்து வயதில் எனக்கு இருந்த பெரிய சந்தோஷமே அதுதான். அந்தச் சந்தோஷத்தையும் தூக்கிச் சாப்பிட்ட ஒன்று, ஒரு கோடை விடுமுறையில், நைனா சென்னையிலிருந்து வாங்கிவந்த சி.டி.க்குள் இருந்தது.

அது ஓர் ஆங்கில எழுத்துரு. பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்களே, ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து, ஒவ்வொரு காலின் நுனியிலும் குட்டிப் பாதம் வைத்து நிற்கும் எழுத்து, அந்த ரகம். ஆனால் இதில் ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும்; தேய்ந்துபோன அச்சில் மை சரியாக ஒட்டாததுபோல நடுநடுவே பொட்டுப் பொட்டாக வெள்ளை விழுந்திருக்கும். புத்தம்புதுக் கம்ப்யூட்டருக்குள் இப்படி ஒரு கிழட்டு எழுத்தா! எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எலி கொறிச்ச மாதிரி இருக்குது?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கொறிச்ச எழுத்து".

கண்ட இடத்திலெல்லாம் அதைப் போட்டுப் பார்த்தேன். சின்னதாகப் போட்டால் வெறும் அழுக்குபோலத் தெரியும், பெரிதாகப் போட்டால்தான் அதன் அழகே. தைலப் பாட்டில் லேபிளில் போட்டால் தைலத்துக்கே வீரியம் கூடிவிடும்! கோட்டை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டித் தாள் என்று நானே ஒன்று தயாரித்து, அதன் தலையில் ஊர்ப் பெயரை அடித்தபோது, மலைமேலிருந்து பெயர்த்து எடுத்துவந்த கல்லாட்டம் நின்றது. ஆனால் கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஒரே ஒரு வேலையிலாவது என் எழுத்து அச்சாகி வெளியே போய்விடாதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

கடைசியில் கேட்டது கற்பகம் அக்கா. அனந்தபுரத்திலிருந்து எங்கள் கடைக்கு டைப் பழக வந்துகொண்டிருந்தவர், கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகை வேலையையும் எங்களுக்கே கொடுத்தார். முன்பக்கத்தில் தன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஆங்கிலத்தில், பெரிதாக, கொறிச்ச எழுத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கல்யாணப் பத்திரிகைல மூளி எழுத்தாம்மா?" என்று நைனா தயங்க, "கட்டிக்கப் போறவ நான் சொல்றேன், போடுங்கண்ணா" என்று முடித்துவிட்டார். அவரை அப்படியே தூக்கிச் சுற்றவேண்டும்போல இருந்தது எனக்கு! ஐந்நூறு பத்திரிகையும் கட்டுக்கட்டாக அனந்தபுரம் பஸ்ஸில் ஏறின. என் எழுத்து ஊர் ஊராகப் போகப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அக்காவின் அப்பா மஞ்சப்பையும் கையுமாகக் கடை வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் மேஜைக்கடியில் பதுங்கினேன். அவரோ, "சார், கறுப்பு ஸ்கெட்ச் பேனா ரெண்டு இருந்தா குடுங்க, எங்களுது தீந்துபோச்சி" என்றார். பைக்குள்ளிருந்து பத்திரிகைகளை எடுத்துப் பரப்பினார். வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கூடவே, கொறித்த இடம் ஒன்று விடாமல் பேனாவால் அடைத்திருந்தது! மெலிந்த இடமெல்லாம் வீங்கி, பாதமெல்லாம் உருண்டு கிடந்தன. "மெஷின்ல மை சரியா புடிக்கல போலக்குது. உங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்னு ஊட்ல எல்லாருமா ஒக்காந்து ரொப்பிட்டோம். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

ஐயோ, என் எழுத்து! வாய்விட்டே அழுதுவிட்டேன்.

சித்தி வீட்டு விருந்துக்குப் போயிருந்த கற்பகம் அக்கா, அன்றுதான் வீடு திரும்பி, விஷயம் தெரிந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யப்பா, அது நான் ஆசப்பட்டுக் கேட்ட எழுத்துப்பா! வேணும்னேதான் அப்டி இருக்குது!" என்று கத்தினார்.

அவர் அப்பா கையிலிருந்த பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. எது உம் பேருன்னு மட்டும் கேட்டு வச்சிக்கினேன். உம் பேருல ஓட்டய வச்சிக்கினு நாலு பேருக்கு எப்டிம்மா நான் குடுப்பேன்?" என்றார்.

அக்கா நைனாவிடம் பேனா வாங்கி, அப்பாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மிச்சத்தைத் தானே ரொப்ப உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ரொப்பாத பத்திரிகை ஒன்றை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இன்று சென்னையில் எழுத்துருக்களோடுதான் என் பிழைப்பு. கொறிச்ச எழுத்தின் காலம் இது! பிரியாணிக் கடைப் பலகையிலிருந்து செக்கு எண்ணெய் லேபிள் வரைக்கும் அதுதான் கொடிகட்டிப் பறக்கிறது, தமிழிலும் அதற்கு உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள், மூளி என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. நைனாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். முக்கால்வாசிக் கல்யாணப் பத்திரிகைகள் செல்போனுக்கே வந்துவிடுகின்றன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நான் உருவிக்கொண்டு ஓடிய அந்தப் பத்திரிகைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கற்பகம் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அப்பா காலமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஒரு பேனாக் கீறல்கூடப் படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேனே, அக்கா எப்படிச் சந்தோஷப்படப்போகிறார் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

அக்கா வாங்கிப் பார்த்தார். கண்ணாடிமேல் தன் பெயரை விரலால் தடவினார். "நல்லாத்தான் இருக்குது பாப்பா. எங்கப்பா ரொப்புனது ஒண்ணு இருக்குதா உங்கிட்ட?" என்றார்.

இல்லை என்றேன்.